கயிறு வீசிய நாள்

ரிஷிகேஷுக்கு மேலே, சிவபுரியில் மூன்று நாளாக ஆற்று மீட்புப் பயிற்சி. கயாக் என்ற சிறு துடுப்புப் படகு கவிழ்ந்து ஆற்றில் விழுந்ததும் கால் தானாகவே தரையைத் தேடும். அதுதான் ஆபத்து. பாறை இடுக்கில் பாதம் மாட்டினால், பின்னாலிருந்து வரும் வேகம் ஆளை முன்னால் மடக்கி அமுக்கிவிடும். இடுப்பளவு தண்ணீரே போதும். மல்லாந்து, கால்விரல்கள் மேலே தெரிய, ஓட்டத்தோடு போக வேண்டும்.

அப்புறம் கயிற்றுப் பை: ஆற்றில் விழுந்தவரை இழுக்க, கயிறு அடைத்து வீசும் சிறு பை. "கயிறு!" என்று கத்தி, மிதப்பவர் நம்மைப் பார்த்த பிறகே வீச வேண்டும். என் முதல் ஐந்து வீச்சும் அவருக்குப் பின்னால் விழுந்தன. ஆறாவது நெஞ்சுக்குக் குறுக்கே விழுந்தது. அவர் பிடித்ததும் கயிறு விறைத்தது. உட்கார்ந்து குதிகாலை ஊன்றியும் இழுப்பு தோள்வரை ஏறியது. கயிற்றைக் கையில் சுற்றாதே என்று பயிற்சியாளர் அத்தனை முறை சொன்னது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

துடுப்பு போடும் நண்பர்களே, உங்கள் படகில் கயிற்றுப் பை இருக்கிறதா?