ரேம் டிஸ்க்கில் கேம்: மென்பொருளை நிறுவும் முன் ஒரு சோதனை

ரேமின் ஒரு பகுதியை டிரைவாக மாற்றி (இதுதான் ரேம் டிஸ்க்), அதில் கேமைப் போட்டு ஓட்டுவது புது யோசனை இல்லை. விண்டோஸ் 98-இன் பூட் ஃபிளாப்பியே 2 எம்பி ரேம் டிரைவ் ஒன்றை உருவாக்கி, தன் கருவிகளை அதில்தான் விரித்துக்கொள்ளும். இன்று 32 ஜிபி ரேம் சாதாரணமாகிவிட்டதால் ஆசை திரும்பியிருக்கிறது. வேகச் சோதனை மென்பொருள்கள் காட்டும் எண்களும் ஆசையைத் தூண்டும். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் ஹார்டு டிஸ்க் தொடர்ச்சியாகப் படித்தால் நொடிக்குச் சுமார் 150 எம்பி. சாட்டா எஸ்எஸ்டி 550. அதைவிட வேகமான எஸ்எஸ்டி வகையான மூன்றாம் தலைமுறை என்விஎம்இ 3,500. ரேம் டிஸ்க் இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடும். லோடிங் திரை அதே விகிதத்தில் சுருங்குமா என்றால், பெரும்பாலும் சுருங்காது.

உங்கள் கேமில் எவ்வளவு சுருங்கும் என்று காசு செலவில்லாமல், எதையும் நிறுவாமல் அறிய ஒரு வழி இருக்கிறது. கணினியை ரீஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் விடுங்கள். கேமைத் திறந்து ஒரு சேவ் ஃபைலை லோடு செய்து, எடுக்கும் நேரத்தைக் குறியுங்கள். கேமை முழுதாக மூடிவிட்டு உடனே மறுபடி திறந்து, அதே சேவை லோடு செய்யுங்கள். முதல் தடவை படித்த ஃபைல்களை விண்டோஸ் காலியாக உள்ள ரேமில் வைத்திருக்கும். இரண்டாம் தடவை அவை டிஸ்க்கைத் தொடாமலே வரும். ஆக, ரேம் டிஸ்க் போட்டால் கிடைக்கப்போகும் நேரம் ஏறக்குறைய அந்த இரண்டாவது எண்தான். 50 நொடி 20 ஆனால் மேற்கொண்டு படியுங்கள். 14 நொடி 13 ஆனால் விட்டுவிடுங்கள். ஆனால் ரேம் ஏற்கெனவே நிரம்பி வழியும் 8 ஜிபி கணினியில் இந்தச் சோதனை செல்லாது. வைத்ததை விண்டோஸ் உடனே வெளியே தள்ளிவிடும்.

மிச்ச நேரம் எங்கே போகிறது? சுருக்கி வைத்த டெக்ஸ்சர்களை (பொருள்களின் மேற்பரப்புப் படங்களை) விரிப்பது, ஷேடர்களை (கிராபிக்ஸ் கார்டில் ஓடும் சிறு நிரல்களை) கம்பைல் செய்வது, கிராபிக்ஸ் கார்டுக்கு அனுப்புவது. எல்லாம் பிராசஸர் வேலை. ஜிடிஏ ஆன்லைன் இதற்கு நல்ல சாட்சி. அது பல நிமிடம் லோடு ஆனதற்குக் காரணம் டிஸ்க்கே இல்லை. ஜேசன் என்ற எழுத்து வடிவில் தகவல்களை அடுக்கிய சுமார் 10 எம்பி ஃபைல் ஒன்றை, ஒவ்வொரு மதிப்பை எடுக்கும்போதும் மிச்சமுள்ள முழு நீளத்தையும் அளந்து அளந்து படித்துக்கொண்டிருந்தது. வெளியாள் ஒருவர் 2021-இல் கண்டுபிடித்துச் சரிசெய்து காட்டியபோது, அவர் கணினியில் 6 நிமிடம் 2 நிமிடத்துக்கும் கீழே வந்தது. ராக்ஸ்டார் அதை ஏற்றுப் பேட்ச் விட்டது. அந்த ஃபைலை எவ்வளவு வேகமான ரேமில் வைத்திருந்தாலும் இது நடந்திருக்காது.

ஹார்டு டிஸ்க்கில் கேம் வைத்திருப்பவர்களுக்குத்தான் உண்மையான லாபம். கேம் தொடர்ச்சியாகப் படிப்பதில்லை. ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளைத் தேடிப் படிக்கும். ஒவ்வொரு தாவலுக்கும் முள் நகர்ந்து தட்டு சுற்றிவர 10 மில்லி நொடிக்கு மேல் ஆகும். திறந்தவெளி கேம்களில் ஓடிக்கொண்டிருக்கும்போதே திக்குவதற்கும் இதுவே காரணம். ஒன்றை மறக்க வேண்டாம்: ரேமில் ஏற்றவும் ஒருமுறை படித்தாக வேண்டும். 15 ஜிபி கேமை 150 எம்பி வேகத்தில் நகலெடுக்க 100 நொடி. சிறு ஃபைல்கள் அதிகமிருந்தால் அதைவிடப் பலமடங்கு. காத்திருப்பு முன்கூட்டியே நடக்கிறது, அவ்வளவுதான். ஒரு லெவல் ஆடிவிட்டு மூடுபவருக்கு இது நட்டம்.

செய்வது என்று முடிவெடுத்தால் முதலில் கணக்குப் போடுங்கள். 32 ஜிபியில் விண்டோஸுக்கும் பின்னணி வேலைகளுக்கும் 5, ஓடும் கேமுக்கு 10 முதல் 12 ஒதுக்கினால், ரேம் டிஸ்க்குக்கு மிஞ்சுவது சுமார் 15. இலவசமாகக் கிடைக்கும் இம்டிஸ்க் டூல்கிட்டில் அளவு, டிரைவ் எழுத்து, ஃபைல் சிஸ்டம் மூன்றையும் தேர்ந்தெடுக்கலாம். ஃபைல் சிஸ்டம் என்டிஎஃப்எஸ் ஆகவே இருக்கட்டும். ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் நிற்காது, இன்றைய கேம்களில் பலவற்றை ஒன்றாகக் கட்டிவைத்த பேக் ஃபைல்கள் பல அதைத் தாண்டும். டெம்ப் ஃபோல்டர் உருவாக்கும் தேர்வு டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

பிறகு, கேமை நிறுவி அப்டேட் செய்யும் ஸ்டீம் மென்பொருளை மூடிவிட்டு, கேம் ஃபோல்டரின் பெயரை மாற்றி, அதன் நகலை ரேம் டிஸ்க்கில் போட்டு, பழைய பெயரில் ஒரு ஜங்ஷன் (வேறிடத்து ஃபோல்டருக்கு இட்டுச்செல்லும் இணைப்பு) உருவாக்குங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டில் எம்கேலிங்க் கட்டளை, ஜே சுவிட்ச். முதலில் பழைய இடம், அடுத்து ரேம் டிஸ்க் இடம். வரிசை மாறினால் வேலை செய்யாது. ஸ்டீமுக்கு எதுவும் தெரியாது.

தெரியாததால்தான் ஒரு வம்பும் வருகிறது. கேமுக்கு அப்டேட் வந்தால் அது ரேம் டிஸ்க்கில் எழுதப்படும், அணைத்ததும் போய்விடும். ஆனால் எந்த வெர்ஷன் இருக்கிறது என்ற ஸ்டீமின் குறிப்பு ஃபைல் ஹார்டு டிஸ்க்கில் புதிய எண்ணோடு நிற்கும். மறுநாள் பழைய நகலை ஏற்றினால், ஸ்டீம் “அப்டேட் ஆகிவிட்டது” என்று நினைக்கும், கேம் கிராஷ் ஆகும். அப்டேட் வந்த அன்றே ரேம் டிஸ்க்கிலிருந்து பழைய ஃபோல்டருக்குத் திரும்ப நகலெடுங்கள். தவறினால் ஃபைல்களைச் சரிபார்க்கும் வசதியை ஸ்டீமில் ஓட்டுங்கள். சேவ் ஃபைல்கள் பெரும்பாலும் டாக்குமென்ட்ஸிலோ ஆப்டேட்டாவிலோ இருக்கும். ஆனால் பழைய கேம்கள் சில தங்கள் ஃபோல்டருக்குள்ளேயே சேவ் செய்யும். கரண்ட் போனால் அதோடு போயிற்று. நகலெடுக்கும் முன் பார்த்துவிடுங்கள்.

லோடிங் வேகமாகி, ஆடும்போது மட்டும் புதிதாகத் திக்கினால் ரேம் டிஸ்க்கைப் பெரிதாகப் போட்டுவிட்டீர்கள் என்று பொருள். ரேமில் இடம் போதாமல் விண்டோஸ் கேமின் நினைவகத்தையே டிஸ்க்கில் உள்ள பேஜ் ஃபைலுக்குத் தள்ளுகிறது. லினக்ஸில் ரேமிலேயே இயங்கும் டிஎம்பிஎஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் இருப்பதால் தனி மென்பொருள் வேண்டாம். அளவு சொல்லாவிட்டால் ரேமில் பாதி வரை எடுத்துக்கொள்ளும், நெருக்கடியில் அதன் உள்ளடக்கமே டிஸ்க்கில் உள்ள ஸ்வாப்புக்குப் போகும்.

16 ஜிபி மட்டுமே உள்ளவர்கள் முழு கேமையும் ஏற்ற முயல வேண்டாம். ரிசோர்ஸ் மானிட்டரின் டிஸ்க் பக்கத்தைத் திறந்து வைத்து ஆடுங்கள். எந்த ஃபைல் திரும்பத் திரும்பப் படிக்கப்படுகிறது என்று தெரியும். வரைபடம் அடங்கிய ஓரிரு பெரிய ஃபைல்களை மட்டும் 3 அல்லது 4 ஜிபி ரேம் டிஸ்க்குக்கு மாற்றி, அவற்றுக்குத் தனித்தனியே சிம்பாலிக் லிங்க் (ஜங்ஷன் போன்ற இன்னொரு வகை இணைப்பு) போடுங்கள். ஜங்ஷன் ஃபோல்டருக்கு மட்டும்தான். ஃபைலுக்குச் சிம்பாலிக் லிங்க் வேண்டும், அதற்கு அட்மினாகக் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறக்க வேண்டும்.