ஒரு டீஃபால்ட்டை மாற்ற ஏழு மாதம்

பழைய பேக்கப் கோப்புகளைத் துடைக்க எங்கள் டீமில் ஒரு சின்ன கமாண்ட் உண்டு. அதைப் பராமரிப்பது நான். ஃபோல்டர் பெயரைக் கொடுத்தால் போதும், 30 நாளுக்கு முந்தைய கோப்புகளைக் கேள்வி கேட்காமல் அழித்துவிடும். புதிதாகச் சேர்ந்த ஒருவர், இது என்ன செய்யும் என்று பார்ப்பதற்காக, மாதக் கடைசிக் கோப்புகள் இருந்த ஃபோல்டரில் ஓட்டிவிட்டார். வேறொரு நகல் இருந்ததால் தப்பித்தோம். அவர் மேல் தவறே இல்லை. சும்மா ஓட்டினால் பட்டியல் மட்டும் வர வேண்டும், அழிக்க வேண்டுமானால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், அதாவது டீஃபால்ட்டை (எதுவும் குறிப்பிடாமல் ஓட்டினால் நடப்பதை) மாற்ற வேண்டும் என்று அன்றே முடிவெடுத்தேன்.

கோடில் ஒரு வரிதான் மாற வேண்டும். ஆனால் இந்தக் கமாண்டை நம்பி ராத்திரி ஓடும் கிரான் வேலைகள் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை) இருக்கின்றன. அவை திடீரென்று பட்டியல் மட்டும் போட்டுவிட்டு 0 என்று வெற்றியாக முடிந்தால், டிஸ்க் நிரம்பும் வரை யாருக்கும் தெரியாது.

எங்கள் கோட் களஞ்சியத்தில் தேடியதில் 11 இடங்கள் கிடைத்தன. ஆளாளுக்குத் தங்கள் ஹோம் ஃபோல்டரில் வைத்திருக்கும் ஸ்கிரிப்ட்களை எப்படித் தேடுவது? அதனால் கமாண்டையே சொல்ல வைத்தேன். ஒவ்வொரு முறை ஓடும்போதும் யார், எந்த ஃபோல்டர், எந்த ஸ்கிரிப்ட் கூப்பிட்டது என்று சிஸ்லாகில் (சர்வரின் பதிவேட்டில்) ஒரு வரி எழுதும். இரண்டு வாரம் போதும் என்று முதலில் நினைத்தேன். ஒன்றாம் தேதி மட்டும் ஓடும் ஒரு ஸ்கிரிப்ட் தலைகாட்டியதும் ஒரு காலாண்டு முழுக்கக் காத்திருந்தேன். அதற்குப் பலன் இருந்தது: காலாண்டு முடிவில் மட்டும் ஓடும் இன்னொன்றும் சிக்கியது.

அப்புறம் '--டிலீட்', '--லிஸ்ட்' என்று இரண்டு ஆப்ஷன்களைச் சேர்த்தேன். டீஃபால்ட்டைத் தொடவில்லை. இங்கே வரிசை முக்கியம். புதிய பதிப்பு எல்லா சர்வருக்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஸ்கிரிப்ட்களில் '--டிலீட்' போட வேண்டும். இல்லாவிட்டால் பழைய பதிப்பு இருக்கும் சர்வரில் தெரியாத ஆப்ஷன் என்று விழுந்துவிடும்.

டெர்மினலில் ஓட்டினால் பட்டியல், கிரானில் ஓடினால் அழிப்பு என்று வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். லினக்ஸின் அடிப்படைக் கமாண்ட்களின் தொகுப்பான ஜிஎன்யூ கோர்யூட்டில்ஸின் 8.25 பதிப்பில், 2016-இல், கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' இடைவெளி உள்ள கோப்புப் பெயர்களை மேற்கோள் குறிக்குள் காட்டத் தொடங்கியபோது அப்படித்தான் செய்தார்கள். டெர்மினலில் மட்டும் மாற்றம், வெளியீடு இன்னொரு கமாண்டுக்குப் போகும் பைப்பில் பழையபடி. காட்டும் விதத்துக்கு அது சரி. அழிக்கும் வேலைக்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. கையால் ஓட்டி, பட்டியல்தானே வருகிறது என்று நம்பி, அதே வரியைக் கிரானில் போடுபவரை நாமே குழியில் தள்ளுகிறோம்.

அடுத்தது, டீஃபால்ட் மாறப்போகிறது என்ற எச்சரிக்கை. ஸ்டாண்டர்ட் எர்ரரில் (பிழைச் செய்திகளுக்கான தனி வெளியீட்டில்) ஒரு வரிதானே என்று போட்டேன். மறுநாளே ஒரு ஸ்கிரிப்ட் உதைத்தது. அது இரண்டு வெளியீட்டையும் ஒன்றாகச் சேர்த்து, வரிகளை எண்ணி, அழிந்த கோப்புகள் இத்தனை என்று ரிப்போர்ட் போட்டுக்கொண்டிருந்தது. கோப்புகளுக்குள் வரிகளைத் தேடும் கிரெப் கமாண்டின் 3.8 பதிப்பில், 2022-இல், அதன் பழைய வடிவமான 'இகிரெப்' வழக்கொழிந்தது என்ற எச்சரிக்கை வந்தபோது பல இடங்களில் ஏன் எரிச்சல் கிளம்பியது என்று அன்று புரிந்தது. எச்சரிக்கையும் வெளியீடுதான். டெர்மினலில் ஓட்டுபவருக்கு மட்டும் காட்டும்படி மாற்றினேன். கிரான்காரர்களிடம் சிஸ்லாக் பட்டியலை வைத்து நேரில் போய்ப் பேசினேன்.

கால அளவுக்கு, கோட் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டைத்தான் முன்மாதிரியாக வைத்துக்கொண்டேன். மாற்றங்களை இன்னொரு களஞ்சியத்துக்கு அனுப்பும் 'கிட் புஷ்' கமாண்டின் டீஃபால்ட் மாறப்போகிறது என்று 2012 அக்டோபரில் 1.8.0 வெளியீட்டுக் குறிப்பிலேயே சொல்லிவிட்டு, 2014 மே மாதம் 2.0 பதிப்பில்தான் மாற்றினார்கள். ஒன்றரை வருஷத்துக்கு மேல்!

கடைசியில் நேராகப் பட்டியலுக்குத் தாவவில்லை. நடுவில் ஒரு மாதம், ஆப்ஷன் இல்லாமல் ஓட்டினால் எதுவும் செய்யாமல் எர்ரரோடு நிற்கும்படி வைத்தேன். இந்த முழு வேலையிலும் நான் எடுத்த நல்ல முடிவு இதுதான் என்று நினைக்கிறேன். வெற்றி போலக் காட்டிச் சும்மா இருப்பதைவிடச் சத்தமாக நிற்பது மேல். அந்த மாதத்தின் இரண்டாவது வாரம், அதுவரை பவர் ஆஃபில் கிடந்த ஒரு டெஸ்ட் சர்வரிலிருந்து கிரான் மெயில் வந்தது. '--டிலீட்' சேர்த்தோம், ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அடுத்த மாதம் டீஃபால்ட்டைப் பட்டியலாக மாற்றினேன். அன்றிரவு ஒரு மெயிலும் வரவில்லை. காலையில் எல்லா சர்வரிலும் டிஸ்க் அளவைக் கையால் பார்த்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போனேன்.