எல்லாரும் ஒண்ணுதானே மேடம்?

"காக்கி போட்டா எல்லாரும் ஒண்ணுதானே மேடம், இதுக்கு எதுக்குத் தனி வகுப்பு?" வடசென்னை போலீஸ் ஸ்டேஷன் ஆட்களுக்கு நான் எடுக்கும் சமத்துவப் பயிற்சியில் இந்தக் கேள்வி வராத நாளே இல்லை.

விதிகளுக்குக் குறைவில்லை. 1973லேயே பெண்களைச் சேர்த்த துறை இது. திருநங்கை பிரித்திகா யாஷினி ஐகோர்ட் வரை போராடி 2017இல் எஸ்.ஐ. ஆனார். 2022இல் நடத்தை விதியே திருத்தப்பட்டது: பால்புதுமையினரை, அதாவது திருநர், தன்பாலின ஈர்ப்புள்ளவர்கள் போன்றோரை, துன்புறுத்தக் கூடாது. இதையெல்லாம் சொல்லும்போது பாதிப் பேர் வாட்ஸ்அப்பில் இருப்பார்கள்!

பந்தோபஸ்து பற்றிப் பேசினால்தான் நிமிர்ந்து உட்காருவார்கள். ராயபுரத்தில் நாள் முழுக்க ரோட்டில் நிற்கும் பெண் காவலர் பாத்ரூமுக்கு எங்கே போவார்? அதனால்தான் பலர் தண்ணியே குடிப்பதில்லை. முதல்வர் போகும் சாலையில் பெண்களை நிறுத்த வேண்டாம் என்று 2021இல் உத்தரவு வந்தது. மற்ற பந்தோபஸ்துக்கு?

வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்த காவலர் ஒருவர் எழுந்தார். "புகார் குடுக்க வர்றவங்ககிட்ட எடுத்ததுமே எந்த ஏரியான்னு கேக்காதீங்க சார். எங்க ஏரியாவை எப்படிப் பாக்குறீங்கன்னு அந்தக் குரல்லயே எங்களுக்குத் தெரிஞ்சிடும்." வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த பேட்ச் ஸ்டேஷன் ரைட்டர்களுக்கு, அதாவது ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் காவலர்களுக்கு. புகார் முதலில் போய்ச் சேர்வது அவர்கள் மேசைக்குத்தானே.