'சின்னப்பயலே' பாட்டைப் படப்புத்தகமாக்குகிறேன்: பதினாறில் பதினொரு பக்கம் முடிந்தது

மகளைத் தூங்க வைக்க நான் தினமும் பாடுவது 'சின்னப்பயலே சின்னப்பயலே சேதி கேளடா'. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதி, டி.எம்.எஸ். பாடி, 'அரசிளங்குமரி'யில் எம்.ஜி.ஆர். வாயசைத்த பாட்டு. படம் வெளியானது 1961இல். எழுதியவர் அதற்கு முன்பே, 1959இல், 29 வயதில் போய்விட்டார். அதை நினைத்துக்கொண்டு பாடினால் ஒவ்வொரு வரியும் கூடுதலாகக் கனக்கும். அவருடைய பாடல்கள் நாட்டுடைமையானவை என்பதால், நாலு பிரதி எடுத்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் தயக்கம் இல்லை.

முதலில் ஓர் அடிக்கு ஒரு பக்கம் என்று பிரித்தேன். பாடிக்கொண்டே புரட்டினால் ராகம் பாதியில் நிற்கிறது. சரி என்று, நாலு ஏ4 தாளை மடித்து நடுவில் பின் அடித்து, பதினாறு பக்க வெற்றுப் புத்தகம் ஒன்று செய்தேன். பாடும்போது எங்கே மூச்சு வாங்குகிறேனோ அங்கே புரட்டி, அந்தப் பக்கத்தில் பென்சிலால் வரியைக் குறித்தேன். பக்கப் பிரிப்பு ஒரே ராத்திரியில் முடிந்தது. மூச்சு வாங்கும் இடம்தான் பக்கம் புரட்டும் இடம்: இந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட பெரிய விஷயம் இதுதான்.

அப்புறம் வேப்பமரம். மரத்து உச்சியில் பேய் ஆடுகிறது என்று பிள்ளைகளிடம் சொல்லிவைப்பார்கள், நம்பாதே என்கிறது பாட்டு. நான் விரித்த கூந்தலும் சிவந்த கண்ணுமாகப் பேயை வரைந்தேன். மகள் அந்தப் பக்கத்தை விரலால் மூடிக்கொண்டு, "அடுத்ததுக்குப் போம்மா" என்றாள். பயப்படாதே என்று சொல்கிற பாட்டுக்கு நான் போட்ட படமே பயமுறுத்திவிட்டது.

இரண்டு வாரம் அந்தப் பக்கத்தைத் தொடவில்லை. மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோதுதான் தோன்றியது. இப்போது மூன்றாம் பக்கத்தில் கொடியில் தாத்தாவின் வெள்ளை வேட்டி காய்கிறது. ஐந்தாம் பக்கத்தில் கொடி காலி. ஆறாம் பக்கம் இரவு, வேப்பமர உச்சியில் வெளுப்பாக ஏதோ ஆடுகிறது. புரட்டினால் விடிந்திருக்கும், கிளையில் சிக்கிய வேட்டி. பாட்டில் வேட்டி என்ற சொல்லே கிடையாது. சொல் சொல்லாமல் விட்டதைப் படம் சொன்னால் போதும். மகள் மூன்றாம் பக்கத்துக்குத் திரும்பிப் போய், "இங்கயே இருந்துச்சு!" என்று கத்தினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்து அவள் கேட்டது: "பயலேன்னா பையன்தானே, எனக்கு இல்லையா?" வரியில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற எனக்கு மனமில்லை. அதனால் பையனோடு ஒரு தங்கையைச் சேர்த்தேன். மரத்தில் ஏறி வேட்டியை எடுப்பது அவள்தான். 'வளரணும்' போன்ற பேச்சு வடிவங்களையும் அப்படியே வைத்திருக்கிறேன். பாடுவது ஒன்று, அச்சில் இருப்பது ஒன்று என்றால் எழுத்துக்கூட்டிப் படிக்கிற குழந்தை குழம்பிப்போகும்.

அச்சுச் சோதனை ஒன்று செய்தேன். போஸ்டர் கலரில் அழகாக இருந்த கருநீல இரவு, கலர் ஜெராக்ஸில் வெறும் கருப்பாக வந்து கிளைகளை விழுங்கிவிட்டது. நீலத்தில் வெள்ளை கலந்து இரண்டு படி வெளுத்து, நிலா வெளிச்சமாக மறுபடி தீட்டினேன். அச்செடுத்துப் பார்க்காமல் நிறத்தை முடிவு செய்யவே கூடாது. பக்கத்தின் ஓரத்தில் கால் அங்குலம் வெறுமையாக விடுவதும் அவசியம். மடித்து வெட்டும்போது தங்கையின் ஒரு கை போய்விட்டது.

இப்போது நிற்பது 'தனியுடைமைக் கொடுமைகள் தீர' என்ற அடியில். முதலில் ஒரே பந்தை அணைத்துக்கொண்டு நிற்கும் சிறுவனை வரைந்தேன். "அவன் பந்து, அவன் வச்சிருக்கான்" என்றாள் மகள். நியாயம்தான். இந்த வாரம் வேறு படம்: தெருவின் ஒரே அடிபம்பைச் சுற்றி யாரோ மதில் எழுப்பிவிட்டார்கள், வெளியே வரிசையாகக் குடங்கள். பென்சில் கோட்டைப் பார்த்தவுடனே, "தண்ணி எப்படி எடுப்பாங்க?" என்று கேட்டுவிட்டாள். குடங்களுக்கு இன்று வண்ணம் தீட்ட ஆரம்பித்திருக்கிறேன்.