ஆளுநருக்குப் போடும் மனு எங்கே போகிறது?

இலங்கையில் ஆசிரிய இடமாற்றத்துக்கு எதிரான மேன்முறையீடு ஒன்று மாகாண ஆளுநர் வரை போய், சாதகமான பதிலோடு எங்கள் வீட்டில் இப்போதுதான் முடிந்திருக்கிறது. வடக்கு மாகாணமா கிழக்கு மாகாணமா என்று சொல்லவில்லை. வலயக் கல்வி அலுவலகம், மாகாணக் கல்வித் திணைக்களம், அமைச்சின் செயலாளர் என்று போகும் படிகள் மாகாணச் சேவையில் இருப்பவர்களுக்குத் தெரிந்தவைதான், அவற்றை விடுகிறேன். சிக்கல் எல்லாம் கடைசிப் படியில்.

முதலில் வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். ஆளுநருக்கு என்று அனுப்பும் பொதுவான மனு, ஆளுநர் செயலகத்தில் பதிவாகி, "பொருத்தமான நடவடிக்கைக்காக" என்ற ஒற்றை வரியோடு, நீங்கள் எந்த அலுவலகத்தைப் பற்றி முறையிட்டீர்களோ அதே அலுவலகத்துக்கே திரும்பிப் போகும். எங்களுடைய முதல் மனு ஒரு வலயக் கல்வி அலுவலகத்தில், தனிப்பட்ட கோவைக்குள் (ஃபைலுக்குள்) நூல் கட்டித் தூங்கியது. அங்கே கேட்டால் "மேலிடத்திலிருந்து ஒன்றும் வரவில்லை". மேலிடத்தில் கேட்டால் "அனுப்பிப்போட்டம், இலக்கம் தாறம்". அந்த இலக்கத்தைக் கொண்டுபோய்க் காட்டினால், அந்தப் பிரிவைப் பார்க்கிறவர் லீவு.

ஆளுநருக்கு அதிகாரம் இல்லாமல் இல்லை. 1987 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தின் 32 ஆம் பிரிவு, மாகாண அரச சேவையில் நியமனம், இடமாற்றம், பதவி நீக்கம், ஒழுக்காற்று எல்லாவற்றையும் ஆளுநரின் கையில்தான் வைத்திருக்கிறது. அவர் அதை மாகாணப் பொதுச்சேவை ஆணைக்குழுவுக்குக் கையளிக்கலாம். நடைமுறையில் அப்படித்தான் நடக்கிறது. அந்த ஆணைக்குழு போட்ட கட்டளையை மாற்றவும் இரத்துச் செய்யவும் ஆளுநருக்கு இருக்கும் அதிகாரம் 33 ஆம் பிரிவில் வருகிறது. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ஆணைக்குழுவின் முடிவு கையில் இல்லாமல் போனால், ஆளுநர் மாற்றுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. அது மேன்முறையீடாக எடுபடாது. முறைப்பாடாகப் பதிவாகும், முறைப்பாடு கீழே போகும்.

ஆகவே ஆணைக்குழுவின் முடிவை எழுத்தில் எடுங்கள். "நிராகரிச்சாச்சு, ரீச்சர்" என்று தொலைபேசியில் சொல்வதற்கு ஒரு பெறுமதியும் இல்லை. எழுத்தில் தர இழுத்தடித்தால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவெடுக்க வேண்டும். ஆனால் "ஏன் தாமதம்?" என்று கேட்காதீர்கள், அதற்கு விளக்கம்தான் வரும். "இந்த இலக்கக் கடிதம் கிடைத்த திகதி, அது கையளிக்கப்பட்ட அலுவலரின் பதவி, அதன் மீது இடப்பட்ட குறிப்புகளின் பிரதி" என்று ஆவணத்தைக் கேளுங்கள். எங்களுக்குக் கதவைத் திறந்தது இந்த மூன்று வரிதான். கோவைக் குறிப்பின் பிரதியைத் தர வேண்டும் என்றானதும், தூங்கிக்கொண்டிருந்த கோவை தானாக எழும்பி நடந்தது.

இனி மேன்முறையீட்டுக் கடிதம். ஆளுநரின் பெயரைப் போடாமல் பதவிக்கே எழுதுங்கள். வடக்கில் மட்டும் 2019 ஜனவரிக்கும் 2024 செப்டம்பருக்கும் இடையில் ஐந்து ஆளுநர் நியமனங்கள் நடந்திருக்கின்றன. பதவிக்காலம் ஐந்து வருடம் என்று இருந்தாலும், நியமிப்பவர் ஜனாதிபதி, அவர் விரும்பும் வரைதான் ஆளுநர். ஜனாதிபதி மாறினால் ஆளுநர்களும் மாறுவது வழக்கமாகிவிட்டது. பெயர் போட்ட கடிதம் அந்த இடைவெளியில் மாட்டினால், "புதியவர் வரட்டும்" என்ற பதிலுக்கு நீங்களே வழிவிட்டதாகிவிடும்.

தலைப்பில் ஆணைக்குழுக் கடிதத்தின் "எனது இல." பகுதியில் உள்ள இலக்கமும் திகதியும் அப்படியே வரட்டும். முதல் பந்தியிலேயே 33 ஆம் பிரிவின் கீழ் எந்தக் கட்டளையை மாற்றக் கேட்கிறீர்கள் என்று எழுதுங்கள். குடும்பக் கஷ்டம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் மூன்றாவது பந்திக்குப் பிறகு போதும். மருத்துவச் சான்று, சேவைக்கால விபரம், கஷ்டப் பிரதேசத்தில் வேலை செய்த காலம் ஆகியவற்றை இணைப்பு 1, 2, 3 என்று இலக்கமிட்டு இணையுங்கள். தமிழில் எழுதுவது உங்கள் உரிமை. ஆனாலும் அரைப் பக்க ஆங்கிலச் சுருக்கம் ஒன்று வைத்தால், தமிழ் வாசிக்காத அதிகாரியின் மேசையில் கடிதம் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்காது.

அதிபர், வலயக் கல்விப் பணிப்பாளர் ஊடாக ஒரு பிரதி போகத்தான் வேண்டும். அதே நாளில் "முற்பிரதி" (முன்கூட்டியே நேரே அனுப்பும் பிரதி) என்று மேலே எழுதி, இன்னொன்றைப் பதிவுத் தபாலில் செயலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். தபால் துண்டைப் படம் எடுத்து வையுங்கள், அந்த மை கெதியில் மங்கும். நேரில் கொடுத்தால், உங்கள் கைப்பிரதியில் திகதி முத்திரை விழும் வரை கவுண்டரை விட்டு நகர வேண்டாம்.

வீண் அலைச்சல் பற்றியும் ஒரு வார்த்தை. ஆளுநர் என்றால் எல்லாம் செய்வார் என்று காணி, பொலிஸ், பிறப்புச் சான்றிதழ் என்று எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வருபவர்களைக் காத்திருப்பு வாங்கில் பார்த்தேன், பாவமாக இருந்தது. பழைய கச்சேரி (அரசாங்க அதிபர் அலுவலகம்) காலத்துப் பழக்கம் அது. வெள்ளைக்காரன் காலத்தில் முழு இலங்கைக்கும் ஒரு ஆளுநர், மாகாணத்துக்கு ஒரு அரசாங்க அதிபர். மாகாண ஆளுநர் என்ற பதவியே 1987 இன் 13 ஆம் திருத்தத்தோடு வந்ததுதான். இன்றைய கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், மத்திய அரசின் கீழ். பிரதேச செயலகமும் அப்படியே. தேசிய பாடசாலை ஆசிரியர்களுக்கும் ஆளுநரிடம் வேலை இல்லை, அவர்கள் கல்வி அமைச்சுக்குத்தான் போக வேண்டும். மாகாணப் பாடசாலை, மாகாணத்தின் கீழுள்ள வைத்தியசாலை, மாகாண வீதி, பிரதேச சபை என்றால் மட்டும் இந்த வாசல்.

முன்பு இவற்றில் பலதை அமைச்சர் வாரியம் பார்த்தது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 இலும் வடக்கின் காலம் 2018 இலும் முடிந்தபின் தேர்தல் நடக்காததால், அமைச்சர்களின் மேசைச் சுமையும் ஆளுநரிடம் சேர்ந்துவிட்டது. தாமதத்தில் பாதிக்கு அதுதான் காரணம் என்பது என் எண்ணம். ஆளுநர் மக்களை நேரில் சந்திக்கும் "பொதுமக்கள் தினம்" ஆளுநருக்கு ஆளுநர் மாறும், முதல் நாள் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். உள்ளே ஓரிரு நிமிடம்தான் கிடைக்கும். ஆணைக்குழுவின் கடிதத்தையும் உங்கள் மேன்முறையீட்டின் முதல் பக்கத்தையும் மேலே வைத்துக் கொடுங்கள், மற்றதைக் கேட்டால் காட்டலாம்.

சாதகமான கட்டளை வந்ததும் வேலை முடியவில்லை. கட்டளை திணைக்களம் வழியாக வலயத்துக்கு இறங்கி வரும் வரை பார்த்திருக்காமல், உங்களுக்கு வந்த பிரதியோடு வலய அலுவலகத்துக்குப் போய் விடுவிப்புக் கடிதத்தைக் கேளுங்கள். அது இல்லாமல் புதிய பாடசாலையில் கையெழுத்து வைக்க முடியாது. வலயம் மாறுகிறது என்றால், சம்பள விபரங்கள் பழைய கணக்குக் கிளையிலிருந்து புதியதற்குப் போய்விட்டதா என்று அந்த மாத நடுப்பகுதிக்குள் இரண்டு பக்கமும் கேட்டுவிடுங்கள். பிந்தினால் அந்த மாதச் சம்பளம் நிலுவையாகிவிடும், அதற்கு வேறு படிவம், வேறு கவுண்டர்.