வேறு நிறுவனத்தின் பெயிண்ட்டில் அதே வார்ம் கிரே: எங்கள் வீட்டு அனுபவம்

குளியலறைக் குழாய்க் கசிவால் எங்கள் ஹாலின் மேற்குச் சுவரில் பூச்சு உப்பி உதிர்ந்துவிட்டது. கசிவைச் சரிசெய்தபின் சுவரில் பாதியைக் கொத்திப் பூசி, பட்டி பார்த்து, மறுபடியும் பெயிண்ட் அடிக்க வேண்டியிருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் வீடு முழுவதற்கும் அடித்திருந்த வார்ம் கிரே நாங்கள் மிகவும் விரும்பித் தேர்ந்தெடுத்த நிறம். தஞ்சாவூரில் உள்ள பழைய வீடு என்பதால் தரை சிவப்பு ஆக்சைடு தரை. அதற்கு வெள்ளைச் சுவர் கண்ணைக் கூசச் செய்தது, நீலச் சாயலுள்ள சாம்பல் அழுக்கேறியதுபோலத் தெரிந்தது. மஞ்சளும் சிவப்பும் சிறிதளவு கலந்த இந்தச் சாம்பல்தான் தரையோடு இணங்கி நின்றது. அந்த எமல்ஷன் இப்போது சந்தையில் இல்லை. அருகிலுள்ள கடையில் கிடைப்பது வேறு நிறுவனத்தின் பெயிண்ட். மூன்று சுவர்கள் நல்ல நிலையில் இருக்கும்போது ஒரு சுவருக்காக ஹால் முழுவதையும் மாற்றி அடிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே, அதே நிறத்தை வேறு நிறுவனத்தின் பேஸில், அதாவது நிறம் கலப்பதற்கு முந்தைய அடிப்படைப் பெயிண்ட்டில், கொண்டுவருவது என்று முடிவு செய்தோம்.

அடர் நீலத்தோடோ கிளிப்பச்சையோடோ ஒப்பிட்டால், சாம்பலைப் பொருத்துவது கடினமானது. அடர் நிறங்களில் சிறிய பிசகைக் கண் பொறுத்துக்கொள்ளும். சாம்பலை ஒட்டிய நிறங்களில் அதே அளவு பிசகு இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ உடனே தெரிந்துவிடும். நிற வேறுபாட்டைக் கணக்கிட 1976-இல் வகுக்கப்பட்ட முறையைத் திருத்தி 2000-த்தில் புதிய வாய்பாட்டைக் கொண்டுவந்தபோது, சாம்பலை ஒட்டிய பகுதிக்கென்றே ஒரு தனித் திருத்தத்தைச் சேர்த்தார்கள் என்பதே இதற்குச் சான்று. அதிலும் வார்ம் கிரேயின் அழகு முழுவதும் அதன் அடிச்சாயலில் இருக்கிறது. அது சற்று மாறினாலும் பக்கத்துச் சுவரோடு சண்டை போடும்.

கடையில் முதலில் சொன்ன வழி, பழைய ஷேட் எண்ணைக் கணினியில் தட்டி, அதற்கு ஈடாகத் தங்கள் நிறுவனத்தில் உள்ள ஷேட்டை எடுத்துக்கொள்வது. இந்த ஈடு காட்டும் பட்டியல்களை நான் நம்புவதில்லை, காரணமும் உண்டு. பட்டியல் சொல்வது, இவர்களிடம் உள்ளவற்றில் அதற்கு மிக நெருங்கியது எது என்பதைத்தான். அது அதுவேதான் என்று அல்ல. இணையத்தில் படம் பார்த்துப் பலரும் விரும்பிக் கேட்கும் இரண்டு அமெரிக்க வார்ம் கிரே நிறங்களையே எடுத்துக்கொள்ளலாம். ஷெர்வின் வில்லியம்ஸின் அக்ரீயபிள் கிரே தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. பெஞ்சமின் மூரின் ரெவெர் பியூட்டர் ஏறத்தாழ 55 விழுக்காட்டைத்தான் அனுப்புகிறது. ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று அடிக்கடி பரிந்துரைக்கப்பட்டாலும், இரண்டையும் ஒரே அறையில் அடுத்தடுத்து அடித்தால் யாருக்கும் வேறுபாடு தெரியும்.

நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவது ஷேட் கார்டு மட்டுமல்ல. பேஸின் வெண்மை மாறும், அதில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமியின் அளவு மாறும், நிறம் கலக்கும் டின்டிங் மெஷினில் இருக்கும் கலரன்ட்களும், அதாவது நிறச்சாந்துகளும், மாறும். கறுப்பிலேயே வேறுபாடு உண்டு. துகள் பெரிதாக உள்ள கறுப்பை வெள்ளையில் கலந்தால் நீலச் சாயல் தலைகாட்டும். துகள் நுண்ணியதாக இருந்தால் பழுப்பு பக்கம் சாயும். எனவே ஒரு நிறுவனத்தின் ஃபார்முலாவை அப்படியே எடுத்து இன்னொரு நிறுவனத்தின் மெஷினில் போடுவதால் பயனில்லை. சுவரையே கடைக்குக் கொண்டுபோய் அளப்பதுதான் ஒரே சரியான வழி என்று எங்கள் பெயிண்டர் மேஸ்திரியும் உறுதியாகச் சொன்னார்.

சுவரில் எந்த இடத்திலிருந்து துண்டு எடுப்பது என்பதில் கவனம் தேவை. ஸ்விட்ச் போர்டுக்குப் பின்னால் கத்தியை விட்டு எடுத்தால் வேலை எளிது, சுவரிலும் வடு தெரியாது. ஆனால் அங்கே வெயிலும் புகையும் தூசியும் படாத பழைய நிறம் இருக்கும். நமக்குத் தேவையோ இன்று கண்ணுக்குத் தெரியும் நிறம். மேஸ்திரி இரண்டு இடத்திலும் எடுத்தார். கொத்த வேண்டிய பகுதியின் ஓரத்தில் பிளேடால் சதுரமாகக் கீறி, பட்டித் தகட்டை அடியில் நுழைத்து, ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய துண்டை உடையாமல் பெயர்த்தெடுத்தார். அதன் விளிம்பில் சாம்பல், அதன்கீழ் வெள்ளை பிரைமர், பட்டி, அதற்கும் கீழே எந்தக் காலத்திலோ அடித்த இளம்பச்சை டிஸ்டெம்பர் என்று அடுக்கடுக்காகத் தெரிந்தது. இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, வெளியே இருந்தது தெளிவாகவே மங்கி, மஞ்சளேறியிருந்தது. அதைத்தான் ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, கடைக்கு எடுத்துச் சென்றோம்.

கடையில் இருந்த ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர், கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சிறு சிறு அலைநீளப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் துண்டு எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று அளக்கிறது. ரோலரின் புள்ளித் தடம் நிழல் விழச் செய்யும் என்பதால், துண்டைத் திருப்பித் திருப்பி வைத்துப் பலமுறை அளந்து சராசரி எடுக்கச் சொன்னோம்; கடைக்காரர் முகம் சுளிக்காமல் செய்தார். கணினி கொடுத்த ஃபார்முலாவில், முன்பு சொன்ன வாய்பாட்டுக் கணக்கில் நிற வேறுபாட்டு எண் 1-க்கும் குறைவு என்று காட்டியது. சாதாரணக் கண்ணுக்கு அந்த வேறுபாடு தெரியாது என்பதே பொதுக்கணக்கு. முதலில் ஒரு லிட்டர் மட்டும் கலந்து வாங்கினோம். அதைவிடச் சிறிய டப்பாவில் கலந்தால் கறுப்பும் சிவப்பும் மிக மிக நுண்ணிய அளவில் விழ வேண்டியிருக்கும். மெஷின் அந்த அளவைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ விடும், பிறகு பெரிய வாளியில் வரும் நிறம் வேறாக இருக்கும்.

சுவரில் நேரடியாக அடிக்காமல், பிரைமர் பூசிய ஒரு பலகையில் இரண்டு கோட்டு அடித்தோம். ஈரமாக இருக்கும்போது எமல்ஷன் வெளிறித் தெரியும். உலர உலர அடர்த்தி கூடும். நான் அவசரப்பட்டுக் கேட்டபோது, "காயட்டும் சார், காஞ்ச பெறகு பேசுவோம்" என்றார் மேஸ்திரி. மறுநாள் காலை ஜன்னல் வெளிச்சத்தில் பலகையைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தபோது எல்லை எங்கே என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. மாலையில் ஹாலின் மஞ்சள் எல்.இ.டி. விளக்குகளைப் போட்டதும் பலகை மட்டும் இளஞ்சிவப்பாக மாறிவிட்டது.

இதற்குப் பெயர் மெட்டாமெரிசம். இரண்டு பூச்சுகளில் உள்ள நிறமிகள் வேறு வேறாக இருந்தால், ஓர் ஒளியில் ஒன்றுபோலத் தெரிபவை இன்னோர் ஒளியில் பிரிந்துவிடும். கணினி அந்த ஃபார்முலாவைப் பகல் வெளிச்சத்துக்கு, அதாவது ஏறத்தாழ 6500 கெல்வின் ஒளிக்குக் கணக்கிட்டிருந்தது. எங்கள் விளக்குகளோ மஞ்சள் பக்கம் சாயும் 3000 கெல்வின். ஃபார்முலாச் சீட்டைப் பார்த்தால் கறுப்போடும் மஞ்சள் ஆக்சைடோடும் மெஜந்தா சேர்ந்திருந்தது. பழைய நிறத்தில் சிவப்பு ஆக்சைடுதான் இருந்திருக்க வேண்டும் என்றார் மேஸ்திரி. மறுபடி கடைக்குச் சென்று, மெஜந்தாவை விலக்கி, கறுப்பு, மஞ்சள் ஆக்சைடு, சிவப்பு ஆக்சைடு மூன்றை மட்டும் வைத்துக் கணக்கிடச் சொன்னோம். இந்த முறை திரையில் காட்டிய வேறுபாடு முன்னதைவிடச் சற்றுக் கூடுதல். இருந்தாலும் அதையே கலக்கச் சொன்னேன். வீட்டில் பகல் வெளிச்சம், குழல்விளக்கு, மஞ்சள் விளக்கு மூன்றிலும் பலகை சுவரைவிட்டுப் பிரியவில்லை. பகலில் மட்டும் மிக லேசாகப் பச்சை பக்கம் நின்றது. மேஸ்திரி தன் பையிலிருந்த சிவப்பு ஆக்சைடு ஸ்டெய்னரைக் குச்சி நுனியில் தொட்டுக் கலந்து அதையும் சரிசெய்தார். எத்தனை துளி என்று எண்ணி எழுதிக்கொண்டார். கணினியால் செய்ய முடியாத அந்தக் கடைசித் திருத்தத்தை அவருடைய கண் செய்தது. அதற்கு நான் அவருக்கு மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்.

நிறம் பொருந்தினால் மட்டும் போதாது, பளபளப்பும் பொருந்த வேண்டும். ஒரே நிறம் பளபளப்பில்லாத 'மேட்' வகையில் வெளிறியும், மினுங்கும் 'ஷீன்' வகையில் அழுத்தமாகவும் தெரியும். ஒரு நிறுவனத்தின் சாஃப்ட் ஷீனும் இன்னொன்றினுடையதும் ஒரே அளவு மினுங்குவதில்லை. எங்கள் பழைய சுவர் மேட் வகைதான் என்றாலும், ஆண்டுக்கணக்கில் துடைத்ததில் கைபடும் உயரத்தில் சற்று மெருகேறியிருந்தது. அதனால் புதிய பூச்சைக் கொத்திய பகுதியோடு நிறுத்தாமல், சுவர் முழுவதையும் உப்புத்தாளால் தேய்த்து, ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை அடித்தோம். உள்மூலையில் இரண்டு சுவர்கள்மீதும் ஒளி வேறு கோணத்தில் விழுவதால், மிச்சமிருக்கும் நுண்ணிய வேறுபாடும் அங்கே கண்ணில் படாது. வாங்கிய டின்கள் அனைத்தையும் ஒரே பெரிய வாளியில் ஊற்றிக் கலக்கிய பிறகே ரோலரை நனைத்தார்கள்.

டின்னின்மேல் ஒட்டியிருந்த சீட்டில் பேஸின் பெயரும் ஒவ்வொரு கலரன்ட்டின் மில்லிலிட்டர் அளவும் அச்சாகியிருந்தன. அதைப் படமெடுத்து வைத்ததோடு, மேஸ்திரி சேர்த்த துளிக்கணக்கையும் அடித்த தேதியையும் ஒரு தாளில் எழுதி, மிஞ்சிய பெயிண்ட்டைக் காற்றுப் புகாத பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி, அதன்மேல் ஒட்டிவிட்டோம். பலகையையும் எடுத்து வைத்திருக்கிறோம். அடுத்து மாடிப்படிச் சுவருக்கு அடிக்கும்போது அதைத்தான் கடைக்குக் கொண்டுபோகப் போகிறோம்.