சிங்கப்பூரில் ஆர்பரிஸ்ட் சான்றிதழ் பெற்ற அனுபவம்

சிங்கப்பூரில் காடு சார்ந்த வேலை என்று ஒன்று இருக்கிறதா, இருந்தால் அதற்கு எப்படித் தகுதி பெறுவது என்று கேட்பவர்கள் அண்மைக் காலத்தில் கூடியிருக்கிறார்கள். பிள்ளைகளின் மேற்படிப்பைப் பற்றி யோசிக்கும் பெற்றோரும் கேட்கிறார்கள். அலுவலக வேலையில் பல ஆண்டுகளைக் கழித்துவிட்டு வேறு துறைக்கு மாற நினைப்பவர்களும் கேட்கிறார்கள். நானும் அப்படி மாறி வந்தவள்தான். கப்பல் சரக்கு ஆவணங்களைக் கையாளும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான், முப்பது வயதைத் தாண்டிய பிறகு மரப் பராமரிப்புக்கு வந்து, ஐஎஸ்ஏ என்ற அனைத்துலக மரப் பராமரிப்புச் சங்கம் வழங்கும் ஆர்பரிஸ்ட், அதாவது மரப் பராமரிப்பு வல்லுநர், சான்றிதழைப் பெற்றேன். அந்த வழியில் எவை கடினமாக இருந்தன, எவை எளிதாக முடிந்தன என்பதை இங்கே எழுதுகிறேன்.

வெட்டுமரத்துக்காகக் காடு வளர்க்கும் வனத்துறை இங்கே கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் கேம்பியர் (தோல் பதனிடப் பயன்படும் செடி), மிளகுத் தோட்டங்களுக்காகத் தீவின் காடுகளில் பெரும்பகுதி அழிக்கப்பட்டது. பூமலை என்று நாம் சொல்லும் தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்த நத்தானியல் கான்ட்லி 1883இல் அளித்த அறிக்கைக்குப் பிறகுதான் எஞ்சிய காடுகளைக் காப்பதற்கு முறையான ஏற்பாடுகள் தொடங்கின. இன்று புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதி 163 ஹெக்டர் பரப்பில் இருக்கிறது. அதை அடுத்த மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதி ஏறக்குறைய 2,000 ஹெக்டர். இவற்றுக்கு வெளியே, 1963இல் திரு லீ குவான் இயூ ஃபேரர் சர்க்கஸில் நட்ட மெம்பாட் மரத்திலிருந்து தொடங்கி, 1967இல் அறிவிக்கப்பட்ட பூந்தோட்ட நகரத் திட்டத்தின் கீழ்ச் சாலையெங்கும் நடப்பட்ட மரங்கள் இருக்கின்றன. அந்தக் காலத்துக் கன்றுகள் இன்று முதிர்ந்து, பேருந்து நிறுத்தங்களுக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளுக்கும் மேலே குடை விரித்து நிற்கின்றன. நிழல் வேண்டும், கிளையும் விழக்கூடாது என்றால் அந்த மரங்களை அறிந்தவர்கள் வேண்டும். இங்கே நிலைத்த வனப் பராமரிப்பு என்று சொல்லும்போது பெரும்பாலான வேலைகள் இந்தத் தேவையிலிருந்தே பிறக்கின்றன.

ஐஎஸ்ஏ சங்கம் 1924இல் அமெரிக்காவில் தோன்றியது. அதன் ஆர்பரிஸ்ட் தேர்வை எழுதுவதற்கு மரப் பராமரிப்பில் மூன்று ஆண்டு முழுநேர அனுபவம் இருக்க வேண்டும். தோட்டக்கலை, வனவியல் போன்ற தொடர்புடைய படிப்பு முடித்தவர்களுக்கு அந்தக் காலம் குறையும். எனக்கு அத்தகைய படிப்பு இல்லாததால் மூன்று ஆண்டு அனுபவத்தைக் களத்தில்தான் சேர்க்க வேண்டியிருந்தது. சாலையோர, பூங்காப் பசுமையைப் பராமரிக்கும் நிலவனப்பு நிறுவனம் ஒன்றில் துணை மேற்பார்வையாளராகச் சேர்ந்தேன். சம்பளம் முன்பைவிடக் குறைவு. நிலவனப்புத் துறைக்கு 2016இலேயே படிப்படியான சம்பள முறை வந்துவிட்டது என்றாலும், ஏணியின் அடிப்படியிலிருந்து தொடங்குபவர் அந்தக் குறைவை ஏற்றுக்கொண்டே வர வேண்டும். குடும்பத்தோடு கலந்து பேசி, வீட்டுக் கடனையும் கணக்கிட்டுப் பார்த்த பின்னரே துறை மாறும்படி எல்லாரிடமும் சொல்கிறேன். அடிப்படைப் பயிற்சிகளைத் தேசிய பூங்காக் கழகத்தின் நகர்ப்புறப் பசுமை, சூழலியல் நிலையம் போன்ற இடங்களில் பெறலாம். அந்த நிலையம் 2007இல் தொடங்கப்பட்டது. 25 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்குக் கிடைக்கும் 500 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்கத் திறன்மேம்பாட்டு நிதியை அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிகளுக்குப் பயன்படுத்திக்கொள்ள முடிகிறது.

பயிற்சி வகுப்புகள் தராத பலவற்றை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் குழுவின் ஃபோர்மேன், அறந்தாங்கிப் பக்கத்துக்காரரான ஓர் அண்ணன். விரைவுச்சாலை ஓரத்தில் ஒரு மழைமரத்தை, அதாவது நம் ஊரில் தூங்குமூஞ்சி மரம் என்று சொல்வோமே அதை, அவர் சோதிப்பதை முதன்முதலாகப் பார்த்தேன். மரத்தடிக்கு வருவதற்கு முன்பு, தொலைவில் நின்றபடியே நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். இலைகள் எந்தப் பக்கம் மெலிந்திருக்கின்றன, தண்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, அந்தச் சாய்வு பழையதா புதியதா என்று கவனித்தார். பிறகு வேரடிக்கு வந்து, சாய்வுக்கு எதிர்ப்பக்கத்து மண் வெடித்தோ மேலெழும்பியோ இருக்கிறதா என்று குனிந்து தேடினார். அதன் பின்னரே ரப்பர் சுத்தியலை எடுத்து, மண்பானை வாங்குபவர் தட்டிப் பார்ப்பதுபோல், தண்டைச் சுற்றி அடி அடியாகத் தட்டிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் ஓசை மாறியது. "இந்த எடத்துல காதை வச்சுக் கேளு தங்கச்சி, உள்ள வெறும் கூடு" என்றார். அங்கே புல்லை விலக்கியபோது, வேர்ப் பிரிவின் இடுக்கில் பழுப்பு நிறத்தில் மரம்போல் இறுகிய காளான் ஒன்று ஒட்டியிருந்தது. மெல்லிய இரும்புக் கம்பியைச் செலுத்தினார்; தடையின்றி உள்ளே போனது. உள்ளிருக்கும் அழுகல் எவ்வளவு என்பதை ஒலியலைக் கருவியைக் கொண்டு அளந்து முடிவெடுக்கும்படி மேலிடத்துக்குப் பரிந்துரை எழுதினோம். அந்த மரம் அன்று வெட்டப்படவில்லை. உச்சியின் பாரத்தைச் சற்றுக் குறைத்து, மீண்டும் பார்வையிட நாள் குறிக்கப்பட்டது. உட்கூடு இருந்தாலும் சுற்றுச்சுவர் போதிய அளவு கனமாக இருந்தால் மரம் பல ஆண்டுகள் நிற்கும் என்பதைப் பின்னர்ப் பாடநூலில் படித்தபோது, அதன் பொருள் எனக்கு முன்பே விளங்கியிருந்தது.

அனுபவக் காலம் முடிந்த பிறகு, அதை மெய்ப்பிக்கும் கடிதத்தைப் பெறுவதுதான் முழு வழியிலும் பெரிய முட்டுக்கட்டையாக இருந்தது. நான் முதலில் வேலை பார்த்த நிறுவனம் கொடுத்த கடிதத்தில் "தோட்டப் பணி" என்று மட்டுமே இருந்தது. புல் வெட்டுவதும் பூச்செடி நடுவதும் இந்தத் தேர்வுக்கு அனுபவமாகக் கொள்ளப்படுவதில்லை; கிளை கழித்தல், மரம் நடுதல், நோயறிதல், தாங்குகம்பி கட்டுதல் போன்ற வேலைகளைத்தான் சங்கம் எதிர்பார்க்கிறது. கடிதத்தைத் திருத்திக் கேட்டபோது, எனக்குப் பொறுப்பாக இருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றும், புதியவருக்கு எதுவும் தெரியாது என்றும் சொல்லி மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். நாள்தோறும் எந்தச் சாலையில், எந்த மரத்தில், என்ன வேலை செய்தோம் என்று நான் எழுதி வைத்திருந்த குறிப்பேடும், பழைய வேலை ஆணைகளின் நகல்களும் கையில் இருந்ததால்தான் கடைசியில் திருத்திய கடிதத்தில் கையெழுத்து கிடைத்தது. இத்துறைக்கு வருபவர்கள் வேலையை விட்டு விலகும் நாள்வரை காத்திராமல், ஆண்டுக்கு ஒரு முறை, செய்த வேலைகளைப் பெயர் பெயராகக் குறிப்பிடும் கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். உழைத்த உழைப்பு தாளில் இல்லாததால் ஒருவருடைய முன்னேற்றம் நின்றுபோவது எனக்கு இன்றும் பொறுக்க முடியாத ஒன்று.

தேர்வுப் பாடம் பத்துப் பிரிவுகளாக இருந்தது. மர உயிரியல், மண், மர வகைகளை அடையாளம் காணுதல், நடுதல், கிளை கழித்தல், நோயறிதல், கட்டுமானத்தின்போது மரத்தைக் காத்தல், அபாய மதிப்பீடு, பணிப் பாதுகாப்பு, நகர்ப்புற வனவியல் ஆகியவை அவை. பாடநூல் குளிர் நாடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதுதான் நம்மவர்களுக்குள்ள சிக்கல். உறைபனியால் பட்டை வெடிப்பது, இலையுதிர் காலத்துக்குப் பின் மரம் உறங்குவது, ஆண்டு வளையங்களை எண்ணி வயதறிவது என்று வரும் செய்திகளை நிலநடுக்கோட்டில் வாழும் நாம் கண்ணால் காண்பதில்லை. இங்கே மரங்கள் ஆண்டு முழுவதும் வளர்வதால் வளையங்களை நம்பி வயதைச் சொல்ல முடியாது. அவற்றைத் தேர்வுக்காகப் படித்தேன். மற்றவற்றையெல்லாம் வேலையிடத்து மரங்களோடு பொருத்திப் படித்தேன். உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மண்ணின் மேல் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே இருக்கின்றன என்று படித்த வாரத்தில், கட்டுமான இடமொன்றில் லாரிகள் அங்சானா மரத்தடியில் நிறுத்தப்படுவதைக் கண்டு, வேலிக்கு வெளியே நகர்த்தச் சொல்லிப் போராடினேன். இறுகிய மண்ணில் காற்றும் நீரும் புகாமல் வேர் சாவது உடனே தெரிவதில்லை. கட்டடம் எழும்பி, ஒப்பந்ததாரர் கணக்கு முடித்துப் போன சில ஆண்டுகளுக்குப் பிறகே உச்சி காயத் தொடங்கும். அதனால் அந்த வேலியை முதல் நாளே போடச் செய்வது ஆர்பரிஸ்ட்டின் கடமைகளில் மிக முக்கியமானது என்று நினைக்கிறேன்.

கிளை கழிக்கும் பாடத்தை நான் மீண்டும் மீண்டும் படித்தேன். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷிகோ, மரத்தின் காயம் நம் தோலைப்போல் ஆறுவதில்லை என்பதை ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து விளக்கினார். மரம் அழுகிய பகுதியைச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதிய கட்டையை வளர்த்துக்கொள்கிறது. கிளை தண்டோடு சேரும் இடத்தில் சற்றுப் புடைத்திருக்கும் வளையத்தில்தான் அந்த அடைப்பு வலுவாக அமைகிறது. தண்டோடு தண்டாக வழித்து வெட்டினால் வளையமே போய்விடும். கிளையின் அடித்துண்டை நீண்ட முளையாக விட்டாலோ முளை காய்ந்து அழுகலுக்கு வழி விடும். ஆகவே கனமான கிளையை மூன்று வெட்டில் இறக்குகிறோம். தண்டிலிருந்து ஓரடி தள்ளிக் கீழிருந்து ஒரு வெட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து ஒரு வெட்டு. கிளை பட்டையை உரிக்காமல் விழுந்த பிறகு, எஞ்சிய முளையை வளையத்துக்கு வெளியே அளந்து நீக்கும் மூன்றாவது வெட்டு. ஊரில் வெட்டுவாயில் சாணமோ தாரோ பூசுவார்கள் என்று அண்ணன் சொன்னார். காயத்துக்குப் பூச்சு பூசுவது அழுகலைத் தடுப்பதில்லை என்பதைப் பாடநூலில் அவருக்குக் காட்டியபோது, அவர் பல ஆண்டுகளுக்கு முன் தான் கழித்த மரங்களை நினைவிலிருந்து ஒப்பிட்டு, பூசியதிலும் பூசாததிலும் வேறுபாடு கண்டதில்லை என்று ஒத்துக்கொண்டார்.

தேர்வு நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கணினியில் 200 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், மூன்றரை மணி நேரம். நேரம் போதுமானது. ஆங்கிலத்தில் கேள்வியை நிதானமாகப் படிக்கும் பழக்கம் இருந்தால், களத்தில் உழைத்தவருக்கு விடைகள் பெரும்பாலும் தெரிந்தவையாகவே இருக்கும். முடிவு நல்லபடியாக வந்தது. சான்றிதழ் மூன்று ஆண்டுக்குத்தான் செல்லும். அதற்குள் 30 தொடர்கல்விப் புள்ளிகளைச் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும்.

அதன் பிறகு மர அபாய மதிப்பீட்டுத் தகுதியையும் எடுத்தேன். 2017 பிப்ரவரியில் பூமலையில் நூற்றாண்டுகள் கண்ட தெம்புசு மரம் சாய்ந்து ஒரு பெண் உயிரிழந்த நிகழ்வு இத்துறையில் உள்ள எவர் மனத்தையும் விட்டு அகலாது. மரம் முறியும் வாய்ப்பு, முறிந்தால் யார்மீது அல்லது எதன்மீது விழும் என்ற வாய்ப்பு, விழுந்தால் ஏற்படும் விளைவு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்து அபாயத்தை நான்கு படிகளில் வகுக்கிறோம். காட்டின் நடுவே உளுத்து நிற்கும் மரத்தின் அபாயம் குறைவு. மரங்கொத்திக்கும் பல்லிக்கும் அது வீடு, அதை விட்டுவிடலாம். அதே மரம் பள்ளி வாசலில் நின்றால் கதை வேறு. பழைய கம்பத்து (கிராமத்து) நிலங்களில் தானே முளைத்த அல்பிசியா விரைவாக ஓங்கி வளரும், ஆனால் அதன் கட்டை முறியக்கூடியது; விடியற்காலையில் வீசும் சுமத்ரா சூறைக்காற்றில் அதன் கிளைகள் நடைபாதையில் விழும். குடியிருப்பை ஒட்டி நிற்பதை நீக்கி, அவ்விடத்தில் இந்த மண்ணுக்குரிய மரங்களை நடச் சொல்லி எழுதுவதற்கு நான் தயங்குவதில்லை. ஆனால் குருவி எச்சத்துக்கும் உதிர்ந்த இலைக்கும் அஞ்சி வெட்டச் சொல்பவர்களுக்கு, மரம் நிற்க வேண்டிய காரணத்தை அறிக்கையாக எழுதிக் கொடுக்கிறேன். மரப் பாதுகாப்பு வட்டாரங்களில் ஒரு மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை அனுமதியின்றி வெட்ட 2005ஆம் ஆண்டின் பூங்காக்கள், மரங்கள் சட்டம் தடை விதிப்பதால், அந்த அறிக்கைக்குச் சட்டத்தின் துணையும் இருக்கிறது.

வேலை வாய்ப்பு இதோடு நிற்பதில்லை. 2030க்குள் பத்து லட்சம் மரங்களை நடும் இயக்கம் 2020இல் தொடங்கியது; இயற்கை வனப்பகுதிகளையும் அவற்றைச் சுற்றியுள்ள பூங்காக்களையும் மீட்கும் திட்டம் 2019இல் அறிவிக்கப்பட்டது. விதை சேகரிப்பவர், நாற்றங்கால் நடத்துபவர், படர்ந்து மூடும் கொடிகளை அகற்றுபவர், நட்ட கன்றுகளை ஆண்டுதோறும் அளந்து பதிவு செய்பவர் என்று பலருக்கும் இவற்றில் இடமுண்டு. நட்டுவிட்டுப் படமெடுப்பதோடு வேலை முடிவதில்லை என்பதைத் துறைக்கு வரும் இளையர்கள் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. கயிற்றில் தொங்கியபடி செயின்சா பிடிக்கும் தமிழ்த் தொழிலாளர்களில் பலருக்குத் தேர்வுக்கு வேண்டிய அனுபவம் என்னைவிட அதிகமாகவே இருக்கிறது. விண்ணப்பிக்கலாம் என்ற செய்தி மட்டும் அவர்களை எட்டுவதில்லை. அறந்தாங்கி அண்ணனும் நானும் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் உட்கார்ந்து படிக்கிறோம். நான் தமிழில் எழுதிய குறிப்புகளை முதலில் அவர் படிப்பார், பிறகு அதே பகுதியை ஆங்கிலத்தில் இருவரும் சேர்ந்து வாசிப்போம். மண் பிரிவு முடிந்துவிட்டது. அவருடைய அனுபவக் கடிதத்தில் வேலைகள் ஒவ்வொன்றும் பெயரோடு இருக்கும்படி எங்கள் நிறுவனமே எழுதிக் கொடுத்துவிட்டதால், அடுத்த சுற்றுக்கு அவர் விண்ணப்பிக்கிறார்.